இசைத்தட்டின் பின்னே சென்றவர்: ஜான் ஹாமண்ட்

பாட்டு வேண்டும், பாடுகிறவன் வேண்டாம். பறை வேண்டும், அதை முழக்குகிறவன் வாசலோடு நிற்க வேண்டும். இந்த முரண்பாட்டை நமக்கு எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நம் முன்னோர் அதனைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்தவர்கள். கடல் கடந்த அமெரிக்க நாட்டிலும் இதே முரண்பாடு நெடுங்காலம் கோலோச்சியது. அடிமைத்தளையில் வாடிய கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் புளூஸ் என்றும் ஜாஸ் என்றும் புதியதோர் இசையை உலகிற்கு ஈந்தனர். அவ்விசை வெள்ளையரின் மாளிகைகளில் முன்வாயில் வழியே நுழைந்தது. அதனைப் படைத்தவர்களோ பின்வாயிலுக்கு அனுப்பப்பட்டனர்.

இந்த அநீதியைக் கண்டு மனம் பொறாத ஓர் இரசிகர் இருந்தார். அவர் வெள்ளையர், பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளை. மேடையேறிப் புகழ் பெற்ற கலைஞரும் அல்லர். இசைத்தட்டுகளைக் கேட்பதும், கேட்ட குரலுக்கு உரியவரைத் தேடிச் செல்வதுமே அவர் வாழ்நாள் தொழிலாயிற்று. ஜான் ஹாமண்ட் என்னும் அவர்தம் வரலாற்றில் நம் இளைஞர்கள் போற்றத்தக்கவையும் உண்டு. எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கவையும் உண்டு. இரண்டையும் மறைக்காது எடுத்துரைப்பதே முறை எனக் கருதுகிறோம்.

பணியாளர் அறையில் கேட்ட இசை

ஜான் ஹென்றி ஹாமண்ட் 1910ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். அன்னையார் எமிலி, இரயில்பாதைகளால் பெருஞ்செல்வம் குவித்த வாண்டர்பில்ட் குடும்பத்தின் வழிவந்தவர். தந்தையார் சட்டம் பயின்றவர். நான்கு பெண்மக்களுக்குப் பின் பிறந்த ஒரே ஆண்மகவு ஜான். கிழக்கு 91ஆம் தெருவில் அவர்கள் வாழ்ந்த மாளிகையில் பணிபுரிந்தோர் பலர். மேல்மாடியில் குடும்பத்தாரின் வாழ்க்கை. கீழ்த்தளத்தில் பணியாளரின் வாழ்க்கை. இரண்டிற்கும் இடையே படிக்கட்டு இருந்தது, உறவு இல்லை.

மேல்மாடியில் ஐரோப்பியச் செவ்வியல் இசை ஒலித்தது. சிறுவன் ஜான் இளமையிலேயே பியானோவும் வயலினும் கற்றான். ஆயினும் அவன் கால்கள் கீழ்த்தளத்தை நோக்கியே சென்றன. பணியாளர்கள் ஓய்வு நேரத்தில் ஒரு கிராமபோன் பெட்டியில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டுக் கேட்பது வழக்கம். அங்கே ஒலித்த துள்ளலிசை அவனை ஈர்த்தது. பிற்காலத்தில் உலகம் போற்றிய ஓர் இரசிகனின் முதற்பள்ளிக்கூடம் பணியாளர் அறையே என்பதை நாம் நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும்.

அந்நாளைய இசைத்தட்டைப் பற்றியும் சிறிது சொல்லுதல் தகும். நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் கரிய தட்டு அது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும், கைதவறினால் உடைந்துவிடும். 1920ஆம் ஆண்டில் மேமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பாடகியின் புளூஸ் பாட்டுத் தட்டு பெருமளவில் விற்றது. கறுப்பின மக்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவர் என்பதை அப்போதுதான் நிறுவனங்கள் உணர்ந்தன. உடனே அவர்களுக்கெனத் தனி வரிசை, தனிப் பட்டியல், தனி விளம்பரம் என வகுத்துவிட்டன. தட்டுக்கும் தீண்டாமை வந்து சேர்ந்தது எனலாம்.

ஆயினும் தட்டுக்குக் கண் இல்லை. அதனைக் கேட்பவன் பாடுகிறவரின் நிறத்தைக் காண்பதில்லை. அவர் நெஞ்சை மட்டுமே கேட்கிறான். சிறுவன் ஜான் கைச்செலவுப் பணத்தில் அத்தனிப் பட்டியல் தட்டுகளைத் தேடித்தேடி வாங்கினான். 1923ஆம் ஆண்டில் குடும்பத்தாருடன் இலண்டன் சென்றபோது ஜாஸ் இசையை நேரிற் கேட்கும் வாய்ப்பும் கிட்டியது. தட்டில் கேட்டது உயிருள்ள மனிதரின் மூச்சு என்று உணர்ந்த பின்னர் அவன் ஆர்வம் பன்மடங்கு பெருகியது.

ஹார்லெம் அழைத்தது

நியூயார்க் நகரின் வடபகுதியில் உள்ளது ஹார்லெம். தென் மாநிலங்களின் கொடுமைக்கு அஞ்சி வடக்கே குடிபெயர்ந்த கறுப்பின மக்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெருந்தொகையாகக் குடியேறினர். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியாப் பல்கலைக்கழகம் இப்பகுதியை ஒட்டியே அமைந்துள்ளது. அவர் அங்கு கல்வி பயின்ற நாளில், அதே நகரின் மற்றொரு பகுதியில், மாளிகைக்குள் நடைபயின்ற குழந்தையாக இருந்தவர் ஹாமண்ட்.

உறைவிடப் பள்ளியில் படித்த நாளில், இசைப் பாடத்திற்காக நகருக்கு வர இசைவு பெற்ற ஹாமண்ட், பாடம் முடிந்ததும் ஹார்லெம் அரங்குகளுக்குச் செல்வார். பெஸ்ஸி ஸ்மித் என்னும் மாபெரும் புளூஸ் பாடகியின் குரலை அவர் நேரிற் கேட்டது அங்கேதான். தென்பகுதியில் வறுமையிற் பிறந்து, தெருவிற் பாடி வளர்ந்து, 1923ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டுகளால் நாடறிந்தவர் அப்பெண்மணி. அக்குரல் ஹாமண்டின் வாழ்க்கைக்குத் திசைகாட்டியாயிற்று.

1931ஆம் ஆண்டில் அவர் யேல் பல்கலைக்கழகப் படிப்பை இடையிலேயே கைவிட்டார். இதனை நாம் பின்பற்றத்தக்க செயலாகக் கூறவில்லை. அவருக்குப் பாட்டன் தேடிய செல்வம் இருந்தது. கல்வியை விட்டாலும் வாழ்வு கெடாது. நம் இளைஞர்க்குக் கல்வியே பாட்டன் சொத்து. அதனை விட்டால் வேறு இல்லை. இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

அவ்வாண்டிலேயே கார்லண்ட் வில்சன் என்னும் கறுப்பினப் பியானோ கலைஞரின் இசையைத் தம் சொந்தச் செலவில் பதிவு செய்வித்தார். இங்கிலாந்து நாட்டு இசை இதழ்களுக்குக் கட்டுரைகள் எழுதினார். பொருளாதார வீழ்ச்சியால் அமெரிக்காவில் இசைத்தட்டு வாங்குவார் இல்லாத காலம் அது. இங்கிலாந்து இரசிகர்களோ ஜாஸ் தட்டுகளை விரும்பினர். எனவே ஆங்கில நிறுவனத்தாருக்காக அமெரிக்காவில் தட்டுகளைப் பதிவு செய்யும் பணி அவருக்குக் கிட்டியது. பிறந்த மண்ணில் விலைபோகாத கலை அயல்நாட்டு இரசிகரால் உயிர் பிழைத்தது.

இக்காலத்தில் வானொலியில் கறுப்பினக் கலைஞரை அழைத்து நிகழ்ச்சி நடத்தும் வாய்ப்பும் பெற்றார். பின்னர் நிலையம் ஒரு விடுதிக் கட்டடத்திற்கு இடம் மாறியது. கறுப்பினக் கலைஞர்கள் சரக்கு ஏற்றும் லிஃப்டில்தான் வர வேண்டும் என்றனர் விடுதியார். அவர் இசை மேலே செல்ல வானலை; அவர் உடல் மேலே செல்லச் சரக்கு லிஃப்ட்! ஹாமண்ட் அந்நிகழ்ச்சியை விட்டே விலகினார்.

அதே ஆண்டுகளில் அலபாமா மாநிலத்தில் ஸ்காட்ஸ்பரோ வழக்கு நாட்டை உலுக்கியது. 1931ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சரக்கு இரயிலில் வந்த கறுப்பின இளைஞர் ஒன்பது பேர் மீது பொய்யான கற்பழிப்புக் குற்றம் சாட்டப்பட்டது. சின்னாட்களிலேயே எட்டுப் பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1933ஆம் ஆண்டில் மறுவிசாரணை நடந்தபோது ஹாமண்ட் நேரிற் சென்று, இதழ்களில் எழுதினார். இசையை விரும்புகிறவன் இசைத்த இனத்தின் கண்ணீரைக் கண்டும் காணாதிருத்தல் இயலாது என்பதை அவர் அங்கே கற்றார். பின்னாளில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தேசியச் சங்கத்தின் ஆட்சிக்குழுவிலும் பல்லாண்டுகள் பணியாற்றினார்.

ஒரே வாரத்தில் அந்தியும் விடியலும்

1933ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இசைத்தட்டு வரலாற்றில் குறிக்கத்தக்கது. பெஸ்ஸி ஸ்மித் அப்போது மறக்கப்பட்டிருந்தார். அவர் தட்டுகளால் செழித்த நிறுவனம் அவரை விடுவித்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹாமண்ட் அவரைத் தேடிச் சென்று மீண்டும் பாட அழைத்தார். நவம்பர் 24ஆம் நாள் பெஸ்ஸி நான்கு பாடல்களைப் பதிவு செய்தார். அவையே அவருடைய இறுதிப் பதிவுகளாயின.

மூன்று நாட்கள் கழித்து, அதே திங்கள் 27ஆம் நாள், இன்னோர் இளம்பெண் முதன்முறையாக ஒலிவாங்கியின் முன் நின்றார். அகவை பதினெட்டு. வறுமையிலும் துயரிலும் வளர்ந்து, ஹார்லெமின் சிறு விடுதிகளிற் பாடிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் தற்செயலாக அவர் பாட்டைக் கேட்ட ஹாமண்ட், அக்குரலின் தனித்தன்மையை உடனே உணர்ந்து எழுதினார். பதிவுக்கும் ஏற்பாடு செய்தார். அவரே பில்லி ஹாலிடே. ஒரு பேரொளி மறையும் வேளையில் மற்றொன்று உதித்தது. இரண்டு வேளையிலும் அருகிருக்கும் பேறு ஓர் இரசிகருக்குக் கிட்டியது.

பெஸ்ஸியின் அந்த இறுதிப் பதிவில் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக இருந்து இசைத்தனர் என்பதையும் நாம் கருதிப் பார்க்க வேண்டும். பதிவுக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் இது இயன்றது. மக்கள் முன்னிலையில், மேடையில், அவ்வாறு அமர்வது அரிது. கறுப்பினப் பியானோ கலைஞர் டெடி வில்சனையும், யூதத் தையற்காரரின் மகனான பென்னி குட்மனையும் இணைத்ததில் ஹாமண்டுக்குப் பெரும்பங்கு உண்டு. 1935ஆம் ஆண்டு ஜூலையில் அவர்கள் சேர்ந்து பதிவு செய்தனர். ஹெலன் ஓக்லி என்னும் இன்னோர் இசையன்பரின் முயற்சியால், 1936ஆம் ஆண்டு ஈஸ்டர் நாளில் சிகாகோவில் மேடையிலும் சேர்ந்து இசைத்தனர். வெள்ளையர் அணிகளில் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரர் பேஸ்பால் ஆட இடம் பெற்றது 1947இல்தான். விளையாட்டுக் களம் திறப்பதற்குப் பதினோராண்டு முன்பே இசை அக்கதவைத் தட்டியது.

தட்டைக் கொண்டு ஆளைத் தேடுதல்

ஹாமண்டின் இயல்பை விளக்க இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவோம்.

1931ஆம் ஆண்டில் தேய்ந்துபோன பழைய தட்டொன்று அவர் கைக்கு வந்தது. இரயில்வண்டியின் ஓட்டத்தைப் பியானோவில் கொண்டுவரும் புளூஸ் அது. தட்டின்மேல் மீட் லக்ஸ் லூயிஸ் என்ற பெயர் இருந்தது. அவர் யார், எங்கிருக்கிறார் என்பதைச் சொல்வார் இல்லை. பதிவு செய்த நிறுவனமோ நொடித்துப் போயிருந்தது. ஹாமண்ட் சென்ற ஊர்களில் எல்லாம், கண்ட இசைஞரிடமெல்லாம் அப்பெயரைக் கூறி வினவினார். ஆண்டுகள் உருண்டன. 1935இல் சிகாகோவில் ஆல்பர்ட் அம்மன்ஸ் என்னும் பியானோ கலைஞரிடம் கேட்டபோதுதான் விடை கிட்டியது. லூயிஸ் அதே நகரில் கார் கழுவும் வேலை செய்துகொண்டிருந்தார்! அவ்வாண்டிலேயே அவர் மீண்டும் பியானோவின்முன் அமர்ந்து அப்பாடலைப் பதிவு செய்தார்.

எத்தனை கலைஞர்கள் இவ்வாறு கார் கழுவியும் மூட்டை சுமந்தும் மறைந்தனரோ! தேட ஒருவர் கிடைத்ததால் லூயிஸ் வெளிவந்தார். தேடுவார் இன்றி மறைந்தவர் தொகையை யார் அறிவர்?

மற்றொரு நிகழ்ச்சி 1936ஆம் ஆண்டு சனவரியில் நடந்தது. சிகாகோவின் கடுங்குளிரில், நள்ளிரவு கடந்த வேளையில், தம் காரில் இருந்த வானொலிப் பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தார் ஹாமண்ட். அலைவரிசையின் கடைக்கோடியில் மெல்லியதாய் ஓர் இசை வந்தது. எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கன்சாஸ் நகரில், ரெனோ என்னும் சிறு விடுதியிலிருந்து ஒன்பது பேர் கொண்ட குழுவுடன் கவுண்ட் பேஸி வாசித்த இசை அது. மாதக்கணக்கில் இரவுதோறும் கேட்ட அவர், பின்னர் நேரிலேயே சென்று கேட்டார். அக்குழுவின் பெருமையைப் பறைசாற்றி எழுதினார்.

ஆனால் அவர் எழுதியதைப் படித்த வேறொரு நிறுவனத்தார், அவருக்கு முன்பே பேஸியிடம் சென்று ஒப்பந்தத்தில் கையொப்பம் பெற்றுவிட்டனர். மொத்தம் 24 பாடல்கள். அனைத்திற்கும் சேர்த்து 750 டாலர். தட்டு எத்தனை இலட்சம் விற்றாலும் கலைஞருக்கு ராயல்டி ஒரு காசும் இல்லை. அத்தாளைக் கண்ட ஹாமண்ட் திகைத்துப் போனார். இசைஞர் சங்கத்தின் வாயிலாக ஊதியத்தை ஓரளவு உயர்த்த இயன்றதே அன்றி, ஒப்பந்தத்தை உடைக்க இயலவில்லை. பேஸியின் புகழ்பெற்ற பாடல்கள் பல அந்தத் தாளின்கீழ் வெளிவந்தவையே. கையில் எத்துணைக் கலை இருப்பினும், கையொப்பம் இடுமுன் தாளைப் படிக்கத் தெரிய வேண்டும். நம் சங்கம் கல்வியை வற்புறுத்துவதன் பொருள் இத்தகைய நிகழ்ச்சிகளில் துலங்கும்.

பேரவையில் ஒரு மாலை

அந்நாளில் நியூயார்க்கின் கார்னகி மன்றம் செவ்வியல் இசையின் திருக்கோயிலாக விளங்கியது. தோட்டத்திலும் தேவாலயத்திலும் தெருவோரத்திலும் பிறந்த கறுப்பின மக்களின் இசை அனைத்தையும் அம்மேடையில் ஒருசேர ஏற்ற வேண்டும் என்று ஹாமண்ட் கனவு கண்டார். பொருளுதவி எளிதிற் கிட்டவில்லை. இறுதியில் இடதுசாரி இதழ் ஒன்று முன்வந்தது. 1938ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் நிகழ்ச்சி நடந்தேறியது. முந்திய ஆண்டில் மறைந்த பெஸ்ஸி ஸ்மித்தின் நினைவுக்கு அது காணிக்கையாக்கப்பட்டது. கூட்டம் பெருகியதால் மேடையின் மேலேயே நாற்காலி இட்டு மக்களை அமர்த்தினர்.

வட கரோலினாவின் பக்திப் பாடகர்கள் பாடினர். கண்பார்வையற்ற சன்னி டெரி வாயிசைக்கருவியை வாசித்தார். ரோசெட்டா தார்ப் கிதாரைக் கையிலேந்தி இறைப்பாடல்களைப் பாடினார். கார் கழுவிய மீட் லக்ஸ் லூயிஸ் அம்மேடையில் பியானோ வாசித்தார். பேஸியின் குழுவும் முழங்கியது.

ஒருவர் மட்டும் வரவில்லை. மிசிசிப்பிப் பகுதியைச் சேர்ந்த ராபர்ட் ஜான்சன் என்னும் புளூஸ் பாடகரின் தட்டுகளைக் கேட்டு வியந்த ஹாமண்ட், அவரையும் அழைத்துவர ஆளனுப்பியிருந்தார். ஆனால் ஜான்சன் அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிலேயே, 27 அகவையில், மறைந்துவிட்டார் என்ற செய்தியே வந்தது. ஹாமண்ட் அவர் பெயரை விட்டுவிடவில்லை. அவருடைய தட்டுகள் இரண்டை மேடையில் சுழலவிட்டார். ஆளில்லாத மேடையில் அக்குரல் ஒலித்தது. அவை அமைதியாகக் கேட்டது. இரசிகரின் அன்புக்கு இதனினும் சிறந்த அடையாளம் வேண்டுமோ? 1961இல் ஜான்சனின் பாடல்கள் நெடுந்தட்டாக வெளிவந்ததிலும் ஹாமண்டின் தூண்டுதல் இருந்தது. அத்தட்டைக் கேட்டு வளர்ந்த இளைஞர்களே பின்னர் உலக இசையின் போக்கை மாற்றினர்.

அதே டிசம்பரில், காலணி வணிகத்தில் இருந்த பார்னி ஜோசப்சன் என்பார் கபே சொசைட்டி என்னும் இசை விடுதியைத் திறந்தார். கறுப்பரும் வெள்ளையரும் மேடையில் மட்டுமன்றி, வந்தமரும் மேசைகளிலும் சமமாக இருக்கலாம் என்பதே அதன் நெறி. கலைஞரைத் தேர்ந்தளித்துத் துணைநின்றவர் ஹாமண்ட். 1939ஆம் ஆண்டில் ஓக்லஹோமா நகரிலிருந்து சார்லி கிறிஸ்டியன் என்னும் இளைஞரைத் தேடிக் கொணர்ந்தவரும் அவரே. மின்கிதாருக்கு ஜாஸ் இசையில் நிலையான இடம் தேடித்தந்த அவ்விளைஞர், காசநோயால் 1942இல் 25 அகவையிலேயே மறைந்தார்.

அன்பின் குறைகள்

இதுவரை கூறியவற்றால் ஹாமண்டைக் குறையே இல்லாதவர் என எவரும் கருதிவிடலாகாது. வரலாறு எழுதுவோர் துதிபாடுவோராதல் தகாது.

1937ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் அதிகாலையில் மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் அருகே பெஸ்ஸி ஸ்மித் சென்ற கார் விபத்துக்குள்ளாயிற்று. அவர் அன்றே உயிர் நீத்தார். வெள்ளையர் மருத்துவமனை அவரைச் சேர்க்க மறுத்ததால் இறந்தார் என்ற செவிவழிச் செய்தியை ஆராயாது ஹாமண்ட் இசை இதழ் ஒன்றில் எழுதினார். அச்செய்தி உலகெங்கும் பரவி, நாடகத்திற்கும் கருவாயிற்று. உண்மை வேறு. வழியில் வந்த மருத்துவர் ஒருவர் முதலுதவி செய்தார். பெஸ்ஸி நேராகக் கறுப்பர் மருத்துவமனைக்கே கொண்டுசெல்லப்பட்டார். அங்கே அறுவை செய்தும் பிழைக்கவில்லை. தாம் எழுதியது கேள்விச் செய்தியே என்பதைப் பின்னாளில் ஹாமண்டும் ஒப்புக்கொண்டார்.

இதில் நாம் ஆழ்ந்து எண்ணத்தக்கது ஒன்று உண்டு. வெள்ளையர் மருத்துவமனை அவரை மறுக்க வாய்ப்பே நேரவில்லை. ஏனெனில் அங்கே கொண்டுசெல்லலாம் என்ற எண்ணமே எவருக்கும் எழவில்லை. அவ்வளவு முழுமையாக வேலி போடப்பட்டிருந்தது. பொய்க்கதையைவிட இந்த உண்மையே கொடியது. நியாயமான வழக்குக்குப் பொய்ச்சான்று தேவையில்லை. அது வழக்கையே பலவீனமாக்கும்.

டூக் எலிங்டன் என்னும் மாபெரும் இசைப்படைப்பாளியோடு ஹாமண்ட் கொண்ட பிணக்கும் சொல்லத்தக்கது. 1935இல் எலிங்டன் புதுமுறையில் நீண்டதோர் இசைக்கோவையைப் படைத்தபோது, அது கறுப்பின மக்களின் வேரைவிட்டு விலகியது என்றும், எலிங்டன் தம் மக்களின் துயரைக் கண்டுகொள்ளவில்லை என்றும் ஹாமண்ட் குறை கூறினார். அக்கோவை எலிங்டன் தம் அன்னையின் மறைவால் நெஞ்சுருகிப் படைத்தது. கறுப்பரின் இசை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அளந்து சொல்ல ஒரு வெள்ளை இரசிகருக்கு உரிமை ஏது? நம்மீது அன்புடையோரும் சில வேளைகளில் நம்மை ஒரே இடத்தில் நிறுத்திவைக்க விரும்புவர். அவர் அன்பை ஏற்கலாம். அவர் வரைந்த கோட்டை ஏற்க வேண்டியதில்லை.

பில்லி ஹாலிடே 1939இல் கபே சொசைட்டி மேடையில் பாடிய, மரத்தில் தூக்கிலிடப்பட்ட கறுப்பின மக்களைப் பற்றிய பாடலை அவருடைய நிறுவனம் பதிவு செய்ய மறுத்தது. ஹாமண்டும் அப்பாடலை விரும்பவில்லை. மில்ட் கேப்ளர் என்னும் மற்றோர் இசையன்பர், நியூயார்க்கில் இசைத்தட்டுக் கடை நடத்தியவர், அதனைத் தம் சிறு நிறுவனத்தின் வழி வெளியிட்டார். இன்று பில்லியின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது அப்பாடலே. ஓர் இரசிகரின் செவி தவறியதை இன்னோர் இரசிகரின் செவி காத்தது.

ராயல்டியைப் பற்றியும் மறைப்பதற்கில்லை. பெஸ்ஸிக்கும், தொடக்க ஆண்டுகளில் பில்லிக்கும், பாடலுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை தரப்பட்டதோடு சரி. ஹாமண்ட் நடத்திய பதிவுகளும் இந்த வழக்கத்திற்கு விலக்காக இருக்கவில்லை. பேஸியின் தாளைக் கண்டு பொறுக்காத மனம், தாம் பணியாற்றிய இடத்து வழக்கத்தை அடியோடு மாற்ற இயலாது போயிற்று.

இறுதி ஆண்டுகளும் ஒரு கல்லறையும்

ஐம்பது அகவையை நெருங்கிய பின்னும் ஹாமண்டின் செவி தளரவில்லை. 1960இல் பதினெட்டு அகவை நிரம்பிய அரீதா பிராங்க்ளினையும், 1961இல் பாப் டிலனையும், 1972இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனையும் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்திற்கு ஒப்பந்தம் செய்வித்தவர் அவரே. 1977இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1987ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் நியூயார்க்கில் மறைந்தார்.

ஆயினும் இவ்வரலாற்றை அவர் மறைவோடு நாம் முடிக்க விரும்பவில்லை. பெஸ்ஸி ஸ்மித் பிலடெல்பியா நகரை அடுத்து அடக்கம் செய்யப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டு அழுதனர். ஆனால் அக்கல்லறைக்கு முப்பத்துமூன்று ஆண்டுகள் ஒரு பெயர்க்கல் இல்லை. ஏறத்தாழ 160 பாடல்களை அவரிடம் பெற்ற நிறுவனம் வைக்கவில்லை. அவர் பெயரால் விழா எடுத்தவரும் வைக்கவில்லை. 1970ஆம் ஆண்டு ஆகஸ்டில் இரண்டு பெண்கள் தம் பணத்தில் அக்கல்லை நாட்டச் செய்தனர். ஒருவர் ஜானிஸ் ஜாப்ளின் என்னும் வெள்ளையினப் பாடகி. பெஸ்ஸியின் தட்டுகளைக் கேட்டே பாடக் கற்றவர். மற்றவர் ஜுவானிட்டா கிரீன் என்னும் கறுப்பினப் பெண்மணி. சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்தவர்.

பணியாளர் அறையில் தொடங்கிய கதை, ஒரு பணிப்பெண்ணின் கையாலேயே நிறைவுற்றது.

ஹாமண்ட் கலைஞர்களுக்குக் கலையை வழங்கவில்லை. அது அவர்கள் முன்பே உழைத்துப் பெற்றது. மூடிய கதவின் ஒரு பக்கத்தில் நின்று, மறுபக்கத்து இசையைக் கேட்டு, கதவைத் தள்ளியதே அவர் தொண்டு. அத்தொண்டுக்கு நாம் நன்றி கூறுவோம். அதேவேளையில், நம் கலைஞர்களின் பெயரையும் பாட்டையும் தேடிப் பதிந்து வைக்கும் பொறுப்பை இன்னொருவர் வருகைக்காக நாம் ஒத்திவைக்கலாகாது. ஒவ்வோர் ஊரிலும் முதியோர் சிலர் இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றனர்; முழக்கிக்கொண்டிருக்கின்றனர். இளைஞர்களே, அவர்தம் பெயரைக் கேட்டு எழுதுங்கள். குரலைப் பதிவு செய்யுங்கள். அவர் கையொப்பம் இடும் தாளை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பெயர்க்கல்லை நாம் வைக்க வேண்டும். அதற்கு முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆகக்கூடாது.